வாத்து டவலின் வெள்ளை

அத்தியாயம் 11

டவல் நீலமாக இருந்தது.

காலை ஒன்பதே கால். மீட்டர் ஒரு காலை நாற்காலியில் மடக்கி வைத்துக்கொண்டு, நாற்பத்து மூன்றாம் பக்கத்தின் புரூஃபை, அச்சுக்கு முன் எடுத்த மாதிரித் தாளை, விளக்குக்கு அடியில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். எப்படித் திருப்பினாலும் நீலம்தான். கண்ணைக் குத்தும் நீலம் இல்லை. வெள்ளைச் சட்டையை ஒரு புது நீலச் சட்டையோடு சேர்த்து ஊறவைத்துவிட்டு, "சாயம் போகாதுன்னு கடைக்காரன் சொன்னானே" என்று புலம்புவோமே, அந்த நீலம்.

போன வாரம் அண்ணி சாப்பாட்டு மேசையில் ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிப் போனாள், நினைவிருக்கும். "நாப்பத்து மூணாம் பக்கத்துப் போட்டோ நானே பொறுக்கினது. அதுல மட்டும் யாரும் கை வைக்காதீங்க." அண்ணன் சாம்பார் கரண்டியைத் தேடுகிற மாதிரி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டான். மேசையில் அன்றைக்கு சாம்பாரே இல்லை.

அப்போதே மீட்டருக்கு மூக்கில் வேர்த்திருக்க வேண்டும். வேர்க்கவில்லை.

மீட்டர் என்பது அண்ணன் வைத்த பெயர். எதைக் கண்டாலும் அளப்பாள். புத்தகங்களுக்குப் போகிற படங்களின் நிறத்தைச் சரிபார்ப்பது அவள் வேலை. வாரத்துக்கு ஒரு தரம் கம்ப்யூட்டர் திரையின் மேல் ஒரு சின்னக் கருவியை வௌவால் மாதிரித் தொங்கவிட்டு, திரை காட்டுவது நிஜமா பொய்யா என்று விசாரணை நடத்துவாள். அறைச் சுவர் முழுக்க சாம்பல் பூசியதும் அவள்தான். சுவரில் ஒரு நிறம் இருந்தால் அது கண்ணுக்குள் புகுந்து படத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். "மழை மேகத்துக்குள்ள குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு" என்பாள் அண்ணி.

அண்ணன் வேறு ரகம். பத்து வருடம் கல்யாண ஆல்பம் போட்ட கை. அவன் கை பட்டால் காய்ச்சலோடு மணமேடை ஏறிய மாப்பிள்ளைகூட மாம்பழம் மாதிரி மினுங்குவான். ஆல்பத்தை விட்டுப் புத்தகத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. கைதான் இன்னும் வந்து சேரவில்லை.

இன்றைக்கு அச்சுக்குப் போவது அண்ணியின் புத்தகம். அவள் பிறந்த குழந்தைகள் வார்டில் நர்ஸ். முதல் குழந்தை பெற்று வீட்டுக்குப் போகிற அம்மாக்களின் கையில் கொடுத்தனுப்ப அவள் எழுதிய கையேடு. ஆஸ்பத்திரி மூவாயிரம் பிரதி கேட்டிருக்கிறது. நாற்பத்து மூன்றாம் பக்கம் காமாலை. "குழந்தையை ஜன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு போங்கள். பகல் வெளிச்சத்தில் நெற்றியை விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பாருங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் அன்றே கிளம்புங்கள்." பக்கத்தில் ஒரு போட்டோ. அண்ணன் மகள், பிறந்த மூன்றாம் நாள், வாத்து தைத்த வெள்ளை டவலில்.

புரூஃபில் குழந்தை ரோஜா இதழ் மாதிரி இருந்தாள்.

காமாலைக் குழந்தையே படத்தில் ரோஸாக இருந்தால், வீட்டில் மஞ்சளாகக் கிடக்கும் குழந்தையை ஒரு அம்மா எதோடு வைத்துப் பார்ப்பாள்? "புத்தகத்துலயே இவ்வளவுதான் இருக்கு" என்று திரும்பத் தூளியில் போட்டுவிடுவாள். பன்னிரண்டு மணிக்கு அச்சு ப்ளேட் எடுக்க ஃபைல் போக வேண்டும். மூன்று மணிக்கு மெஷின். இன்றைக்கு விட்டால் அடுத்து மெஷின் கிடைக்க மூன்று வாரம்.

மீட்டர் திரையில் டவலின் மேல் அம்பை வைத்தாள். சிவப்பு 214, பச்சை 226, நீலம் 241. வெள்ளையோ சாம்பலோ என்றால் இந்த மூன்று எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக நிற்க வேண்டும். இங்கே நீலம் தனியாக மாடி ஏறியிருந்தது. யாரோ படம் முழுவதிலிருந்தும் மஞ்சளை உருவியிருக்கிறார்கள். குழந்தை ரோஸானது. டவல் நீலமானது.

ஃபைல் எப்போது மாற்றப்பட்டது என்று பார்த்தாள். நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. மாலை ஏழு நாற்பது.

அந்த மாலை அவளுக்குத் தெரியும். அவளும் அங்கேதான் இருந்தாள்.

"பாப்பா மஞ்சளா தெரியுறாளே" என்று அண்ணிதான் முதலில் கேட்டாள். அப்போது அவளுக்கு வேலை எலும்பு முறிவு வார்டில். அண்ணன் சிரித்தான். "பல்பு வெளிச்சம்மா அது. இரு, காட்டுறேன்." போட்டோவைத் திரையில் போட்டு ஏதோ இழுத்தான். மஞ்சள் போய் ரோஸ் வந்தது. "பாத்தியா? பல்பைக் கழிச்சா இதுதான் நம்ம பொண்ணு." மூன்று பேரும் திரையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நிஜக் குழந்தை இரண்டடி தள்ளித் தூங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் மதியம் பால் குடிக்கக்கூட அது எழுந்திருக்கவில்லை. அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

இப்போது அவளுக்கு நான்கு வயது. வீட்டில் பெயர் வாயாடி. இரண்டு காதிலும் கேட்பதற்கு ஆரஞ்சு நிற மெஷின். காமாலை முற்றிக் காது போனதற்கு அந்த ஒரு நாள் தாமதம்தான் காரணம் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதும் இல்லை.

மீட்டர் எழுந்து ஹாலுக்குப் போனாள். சோபா மெத்தைக்கு அடியில் கையை விட்டாள். வாயாடியின் பொக்கிஷம் எல்லாம் அங்கேதான். ஒரு மூடி இல்லாத பேனா, அரை பிஸ்கட், அதற்கும் கீழே வாத்து டவல். நான்கு வருடம் இழுபட்டு நைந்துபோயிருந்தது. வாத்துக்கு ஒரு கண் இல்லை. ஆனாலும் வெள்ளைதான். எந்தக் காலத்திலும் நீலமாக இருந்த டவல் இல்லை அது.

திரும்பி வந்தபோது அண்ணன் இரண்டு டம்ளர் டீயோடு நின்றிருந்தான். அவள் கையிலிருந்த டவலைப் பார்த்தான். ஒரு டம்ளரை மேசையில் வைத்தான்.

"அதை எதுக்குத் தூக்கிட்டு வந்த? சாயந்தரம் காணோம்னு வீட்டையே ரெண்டாக்குவா."

"நாப்பத்து மூணாம் பக்கத்துக்கு எந்த ஃபைலைப் போட்ட?"

"வீட்டுல இருக்கிற ஃபைல்தான். ஆல்பத்துல இருக்கே, அதே."

"ஒரிஜினல் எங்க?"

"போச்சு. கேமரா கார்டு கெட்டுப்போச்சு."

"அண்ணா. யாரோ ஊரு பேரு தெரியாத கல்யாணத்துல தும்மின மாமா போட்டோவையே பத்து வருஷமா பத்திரமா வச்சிருக்க நீ. உன் பொண்ணு போட்டோ போச்சா?"

அண்ணன் டம்ளரை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான். "இப்ப என்ன, மஞ்சள் வேணும். அவ்வளவுதானே? கொஞ்சம் ஏத்திவிடு. ஒரு நிமிஷ வேலை."

"எவ்வளவு ஏத்தணும்?"

"பார்த்து ஏத்து."

"எதைப் பார்த்து? கையால ஏத்தினா அது நான் வரைஞ்ச காமாலை. டவலை வச்சு ஓரளவுக்குக் கொண்டு வரலாம். ஆனா நீ உருவின உருவுல நெத்திக்கும் நெஞ்சுக்கும் இருந்த வித்தியாசமே அழிஞ்சு போச்சு. அண்ணி அந்தப் பக்கத்துல காட்டணும்னு நினைக்கிறதே அந்த வித்தியாசத்தைத்தான்."

 சாம்பல் சுவரில் ஏதோ எழுதியிருப்பதுபோல் அதையே பார்த்தான்.

இன்னொரு சங்கதியும் பாக்கி இருந்தது. மற்ற எல்லாப் படத்துக்கும் அடியில் அண்ணி விளக்க வரி எழுதிக் கொடுத்திருந்தாள். இதற்கு மட்டும் இடம் காலி. மீட்டர் போனை எடுத்து அண்ணியை அழைத்தாள். அண்ணன் போவதா நிற்பதா என்று தெரியாமல் கதவு நிலையில் சாய்ந்தான்.

"சொல்லு மீட்டரு. ரெண்டு நிமிஷம்தான், ரவுண்ட்ஸ் வராங்க." பின்னால் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணி, நாப்பத்து மூணுக்கு அடியில என்ன போடணும்? காலியா விட்டிருக்கீங்க."

"அதை உங்க அண்ணன் எழுதுவாரு."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. நீ சொல்லு."

மீட்டர் ஓரக்கண்ணால் அண்ணனைப் பார்த்தாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டாள். "அண்ணி, புரூஃப்ல டவல் நீலமா இருக்கு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் குழந்தை மட்டும் அழுதது.

"ம்," என்றாள் அண்ணி. "உனக்கும் தெரிஞ்சுடுச்சா. சரி, வைக்கிறேன். இவனுக்குத் துணி மாத்தணும்." கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. கடைக்குப் போகிறவள் கதவைச் சாத்துகிற குரல்.

மீட்டர் திரும்பியபோது கதவு நிலையில் அண்ணன் இல்லை.

பத்தே முக்கால் ஆனது. டீ ஆறி ஆடை கட்டியது. மற்ற படங்களின் எண்களை அவள் மூன்றாவது தடவையாகச் சரிபார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன, சரியாக இருப்பது அன்றைக்கு ஒரு ஆறுதலாகவே இல்லை. மாடியில் அலமாரி திறக்கிற சத்தம். மூடுகிற சத்தம். மறுபடியும் திறக்கிற சத்தம்.

பதினொன்று பத்துக்கு அண்ணன் வந்தான். கையில் பழைய கேமரா பையின் பக்கவாட்டு ஜிப்பிலிருந்து எடுத்த ஒரு சின்ன டப்பா. அதற்குள் ஒரு கார்டு. கார்டைச் சுற்றி, பிறந்த குழந்தையின் கையில் ஆஸ்பத்திரியில் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை. அதை நிதானமாகப் பிரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கார்டை மட்டும் மேசையில் வைத்தான். வைத்தவன் திரைக்கு முதுகு காட்டி நின்றான்.

படம் திறந்தது.

அவள் மஞ்சளாக இருந்தாள். நெற்றியில் ஒரு மஞ்சள், கன்னத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவு, டவல் விலகிய நெஞ்சில் இன்னும் குறைவு. உதடு மட்டும் ரோஸ். வாத்துக்கு இரண்டு கண்ணும் இருந்தன.

மீட்டர் பழக்கதோஷத்தில் அம்பை டவலில் வைத்து வாய்விட்டே படித்துவிட்டாள். "231, 230, 230." படித்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூன்றும் ஒன்று. வெள்ளை வெள்ளையாகத்தான் விழுந்திருக்கிறது. அப்படியென்றால் பல்பு...

"பல்பு நல்லாத்தான் இருந்துச்சு," என்றான் அண்ணன், முதுகைக் காட்டியபடியே.

மீட்டர் அம்பை டவலிலிருந்து நகர்த்தினாள்.

"அன்னைக்கு இழுக்கும்போதே டவல் நீலமா போறதைப் பார்த்தேன். எத்தனை ஆயிரம் வெள்ளைத் துணி பார்த்த கண்ணு இது? எனக்குத் தெரியாதா? டவலை யாரு பார்க்கப் போறான்னு நினைச்சேன். எனக்கு அவ ரோஸா இருக்கணும். அவ்வளவுதான் தோணுச்சு."

வெளியே ஒரு வண்டி பின்னால் வருகிற பீப் பீப் சத்தம் கேட்டு, நின்றது.

"நானும்தான் பக்கத்துல நின்னு தலையாட்டினேன்," என்றாள் மீட்டர்.

"உனக்கு அப்ப என்ன தெரியும்? பச்சைக்கும் நீலத்துக்கும் சண்டை போடுற வயசு."

"இருபது வயசுண்ணா எனக்கு."

"அதான் சொல்றேன்."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஆனால் அறையில் அதுவரை அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று ஓரடி நகர்ந்துகொண்டது. மீட்டர் படத்தைப் பக்கத்தில் வைத்தாள். அச்சு மைக்குத் தகுந்தபடி மாற்றினாள். ஒளி கொஞ்சம் கூட்டினாள். நிறத்தில் ஒரு புள்ளிகூடத் தொடவில்லை. பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, அதை அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

"உக்காரு. அடி வரி உன்னோடது. ப்ளேட்டுக்கு இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு."

"நான் என்ன எழுதுறது? எனக்குக் கல்யாணப் பத்திரிகைக்கு மேல எழுத வராது."

"எனக்குத் தெரியாது. எழுத்து என் டிபார்ட்மென்ட் இல்ல."

ஒற்றை விரலால் அவன் தட்டுவது கேட்டது. மீட்டர் ஜன்னலுக்குப் போய் எதிர் வீட்டு மாடியில் காய்கிற துணிகளை எண்ணினாள். பதினேழு வரை எண்ணியிருப்பாள். "அனுப்பிட்டேன்" என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அளக்காமல் ஒன்றை விட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

*

மூன்று மணிக்கு அச்சகம்.

மெஷின் ஒரு பஸ் நீளம். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைக்கு நான்கு கோபுரம். வெள்ளைத்தாள் ஒரு வாசலில் நுழைந்து குழந்தைகளோடு மறு வாசலில் விழும். பேச வேண்டும் என்றால் காதோரம் வந்து கத்த வேண்டும். மெஷின்காரர் ஐம்பது வயது மனிதர், காதில் பஞ்சு, விரல் நகத்தில் நான்கு நிறமும்.

நூறு தாள் ஓடவிட்டு ஒன்றை உருவி, பகல் வெளிச்ச விளக்குக்கு அடியில் விரித்தார். ஒரே தாளில் பதினாறு பக்கம். பார்வை நேராக நாற்பத்து மூன்றுக்குத்தான் போயிற்று. கண்ணைச் சுருக்கினார்.

"மஞ்சள் தூக்கலா இருக்கே தம்பி. புள்ளையைப் பார்த்தா பாவமா இருக்கு. ரெண்டு புள்ளி இறக்கிடுறேன்." சொல்லும்போதே அவர் கை மஞ்சளின் பட்டனுக்குப் போய்விட்டது. தப்பே சொல்ல முடியாது. குழந்தை என்றால் ரோஸ் என்று அந்தக் கைக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மீட்டரின் பையில் அளக்கும் கருவி இருந்தது. எடுத்து வைத்து எண்ணைக் காட்டினால் அவர் கையை எடுத்துவிடுவார். அவள் பைக்குள் கையை விட்டாள். அண்ணனைப் பார்த்தாள். கையை வெளியே எடுக்கவில்லை.

"தொடாதீங்க," என்றான் அண்ணன்.

"என்னது?"

"தொடாதீங்கண்ணே. அது அப்படித்தான்."

"கேக்கல தம்பி. கொஞ்சம் சத்தமா."

அண்ணன் மூச்சை இழுத்தான். பிறகு மெஷின் சத்தத்துக்கு மேல், அந்த ஷெட்டில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

"காமாலை. என் பொண்ணுதான் அது. மூணாம் நாள். அதுதான் அவ நிறம். தொடாதீங்க."

மெஷின்காரர் பட்டனிலிருந்து விரலை எடுத்தார். எடுத்த விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார். தாளை இன்னும் ஒரு தரம் பார்த்தார். இந்த முறை படத்துக்கு அடியில் இருந்த எழுத்தையும். மீட்டரும் அப்போதுதான் குனிந்து படித்தாள்.

"பிறந்த மூன்றாம் நாள், மாலை. பல்பு வெளிச்சம் என்று அப்பா சொல்லிவிட்டார். டவலைப் பாருங்கள், அது வெள்ளை."

"கையெழுத்து யாரு போடுறது?" என்று மெஷின்காரர் கேட்டார். நிறம் சரி என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கித்தான் மீதியை ஓட்டுவார்கள். எப்போதும் போடுவது மீட்டர். அவள் பேனாவை அண்ணனிடம் நீட்டினாள். அவன் டவலுக்குப் பக்கத்திலேயே போட்டான், எழுத்து கொஞ்சம் கோணலாக.

அப்போதுதான் ஷெட் வாசலில் அண்ணி வந்தாள். வார்டு உடுப்பை மாற்றக்கூட இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு வாயாடி, பள்ளிக்கூடப் பையோடு. உள்ளே நுழைந்த நொடியே வாயாடி முகத்தைச் சுளித்தாள். இரண்டு காது மெஷினையும் தானே கழற்றி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். அதோடு அந்த ஷெட்டில் நிம்மதியாக இருந்த ஒரே ஆள் அவள்தான்.

தாளை அண்ணாந்து பார்த்தாள். மீட்டர் அவளைத் தூக்கி மேசை விளிம்பில் உட்கார வைத்தாள். பதினாறு பக்கத்தையும் ஒரு நோட்டம் விட்டு, வாயாடி நேராக விரலை வைத்தாள்.

"என் வாத்து."

குழந்தை யாரென்று அவள் கேட்கவே இல்லை. வாத்துக்கு இரண்டு கண் இருப்பதில்தான் அவளுக்கு அதிசயம்.

அண்ணி அடி வரியைப் படித்தாள். மூன்று சின்ன வாக்கியத்தைப் படிக்க இவ்வளவு நேரம் ஆகாது. மேசைக்கு எதிர்ப்பக்கம் அண்ணன் பேனா மூடியைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றான்.

"ஏங்க," என்றாள் கடைசியில். "இதுல 'அப்பா'ன்னு மட்டும் இருக்கு."

"நான்தானே சொன்னேன்."

அண்ணி தலையை ஆட்டினாள், சரி என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல். மெஷின்காரர் கையெழுத்தான தாளை வாங்கி மாட்டிவிட்டுப் பெரிய பட்டனை அழுத்தினார். நான்கு கோபுரமும் ஒன்றாக எழுந்தன. தரை அதிர்ந்தது.

அந்தச் சத்தத்துக்குள் அண்ணி இன்னும் ஏதோ சொன்னாள். பக்கத்தில் தோளோடு தோள் நின்றதால் மீட்டருக்கு மட்டும் அது கேட்டது.

"அன்னைக்குக் காலையிலயே நான் அவளை ஜன்னல் பக்கம் தூக்கிட்டுப் போய்ப் பார்த்தேன். மஞ்சளாத்தான் இருந்தா."

மீட்டர் சட்டென்று அண்ணி பக்கம் திரும்பினாள்.

"என்ன சொன்ன?" அண்ணன் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து காதைக் காட்டினான். "கேக்கல."

"ஒண்ணும் இல்ல," என்று அண்ணி கையை அசைத்தாள். "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

ஆனால் அந்த ஷெட்டில் பேச்சைக் கேட்கக் காது தேவைப்படாத ஒரு ஆள் இருந்தாள். மேசை விளிம்பில் காலை ஆட்டிக்கொண்டு, இவ்வளவு நேரமும் அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், அப்பா பக்கம் திரும்பி, தனக்கே கேட்காத தன் குரலில் ஷெட் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"அப்பா, அம்மா ஜன்னல்னு சொன்னாங்க."

அண்ணன் கையிலிருந்த பேனா மூடி அப்படியே நின்றது.